நாலாவது சத்தம்

ஒக்டோபர் 14, திங்கள்

குளிர் வந்துவிட்டது. காலை வேலையால் வந்து ஹீற்றரைத் திறந்தேன். சூடு வருவதற்கு முன் சத்தம் வந்தது. ஏழரைக்குப் படுத்தவன் பதினொரு மணிக்குத்தான் கண்ணயர்ந்தேன்.

பாண் சுடும் தொழிற்சாலையில் எனக்கு இருபத்திரண்டு வருடமாக இரவு வேலை. காலை ஏழரையிலிருந்து பகல் இரண்டு மணி வரைதான் என் இரவு. இதை இந்த வீட்டில் ஒருவரும் மதிப்பதில்லை, ஹீற்றர் உட்பட.

ஹீற்றர் திருத்துகிறவருக்கு ரெலிபோன் எடுத்தேன். ஜனவரிக்கு முன் வர ஆளில்லையாம். அதுவரைக்கும் எந்தச் சத்தம், எந்த அறை, எத்தனை மணி என்று எழுதி வைக்கட்டாம். ஜேர்மன்காரருக்கு எழுதி வைத்தால்தான் ஒரு விஷயம் நடந்தது என்று அர்த்தம். தொழிற்சாலையில் போன வருடம் இனாமாகத் தந்த டயறி அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன்.

வருகிறவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக வீட்டைப் பற்றியும் எழுதுகிறேன். மேல்மாடியில் நானும் மனைவி சுலோவும். கீழே அண்ணர் பரராசசிங்கமும் அவர் மனைவி இந்திராணி மச்சாளும். இருபத்தொரு வருடத்துக்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய வீடு. நிலத்துக்குக் கீழே கெல்லருக்குள் ஒரே ஒரு பொயிலர். அதில் சூடாகும் தண்ணீர்தான் இரண்டு வீட்டு ஹீற்றருக்குள்ளும் சுற்றி வருகிறது. அண்ணரும் நானும் கதைத்து நாலு வருடம் நாலு மாதம். தண்ணீருக்கு இது தெரியாது.

ஒக்டோபர் 16, புதன்

சத்தம் ஒன்றல்ல, நாலு. இன்று படுக்காமல் இருந்து பிரித்துக் கேட்டேன்.

கூடத்தில் வயிறு இரைகிற மாதிரிக் கொளகொள என்று ஒன்று. குசினியில் மெல்லிய விசில். நடையில் சுவர் நெடுக டிக் டிக் என்று ஒன்று போகிறது. நாலாவதுதான் பெரிய வில்லங்கம். என் படுக்கையறையில், கட்டில் தலைமாட்டுக் குழாயில், யாரோ அவசரமாகக் கதவு தட்டுகிற மாதிரிப் பத்து இருபது தட்டு. பிறகு நிற்கும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

முதலாவதற்கு வைத்தியம் எனக்கே தெரியும். உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீற்றர் மூலையில் சின்னத் திறப்பைச் செருகித் திருக, புஸ் என்று காற்றுப் போய், கடைசியில் கறுப்புத் தண்ணீர் சுவரில் சீறியது.

“சுவருக்கும் மை பூசியாச்சோ?” என்றாள் சுலோ.

கொளகொள போய்விட்டது. இன்னும் மூன்று.

ஒக்டோபர் 19, சனி

நாலாவது: காலை 8.10, 9.35, 11.50. நித்திரை மூன்று மணித்தியாலம்.

ஒக்டோபர் 21, திங்கள்

கெல்லருக்குப் போனேன். பொயிலர் அண்ணரின் பொறுப்பு, வாசலில் பனி தள்ளுவது என் பொறுப்பு. கதைத்த காலத்தில் பிரித்துக்கொண்டது. கதைக்காத காலத்திலும் அதுவே நடக்கிறது. பொயிலருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் கிழமை தண்ணீர் அமுக்கம் பார்த்து, அந்த அச்சடித்த மாதிரி எழுத்தில் திகதியோடு எழுதுவார். ஒரு மாதம் தவறியதில்லை.

கடைசியாக எழுதியது ஜூலை 3. அதற்குப் பிறகு வெறும் கோடு. முள் சிவப்பில் நிற்கிறது.

பெரியவருக்குச் சோம்பல் வந்துவிட்டது. தண்ணீர் விட்டு அமுக்கத்தை ஏற்றினேன். பம்பின் வேகத்தையும் ஒரு படி குறைத்தேன். மேலே வந்தால் குசினி விசில் இல்லை. தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. அது அவருடைய தாள்.

நவம்பர் 2, சனி

நடைச் சுவரின் டிக் டிக் முடிந்தது. குழாய் சூடேறி நீளும்போது இரும்புப் பிடியில் உரசுகிறது. சுலோவின் பழைய கம்பளிச் சட்டையைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாப் பிடிக்குள்ளும் செருகினேன். அது பழையது இல்லையாம். வெட்டிய பிறகுதான் சொன்னாள்.

பெரிய சருவச்சட்டியைக் காணவில்லை. கேட்டால், “கெல்லரிலை கழுவ வச்சனான்” என்கிறாள். சட்டியைக் கெல்லரில் கழுவும் வழக்கம் எப்போது வந்தது?

நவம்பர் 5, செவ்வாய்

நாலாவதைப் பிடித்துவிட்டேன்.

அகப்பைக் காம்பைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாயில் வைத்துக் கேட்டால் டொக்டரின் குழாய் மாதிரி எல்லாம் கேட்கும். தொழிற்சாலையில் மெஷின் பழுதானால் இப்படித்தான் பார்ப்போம். 8.10க்குத் தட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். கூடத்தில் மெல்லிசு. படுக்கையறையில் பலம். நிலத்தோடு குழாய் இறங்கும் இடத்தில் காது வலிக்கிற அளவு பலம். சத்தம் என் வீட்டுச் சத்தமே இல்லை. கீழிருந்து வருகிறது.

என் படுக்கையறைக்கு நேர் கீழே அவர்களுடைய சின்ன அறை. மகன் கனடா போன பிறகு பூட்டிக் கிடந்தது. ஓகஸ்டில் துளை போடும் சத்தம் கேட்டது. புது ஹீற்றர் பூட்டியிருக்கிறார்கள். அதன் குமிழை யாரோ குறைக்கிறார்கள், கூட்டுகிறார்கள். திருகும் ஒவ்வொரு தடவையும் என் தலைமாட்டில் தட்டுகிறது. இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த அறைக்கு இப்போது ஏன் சூடு? பகலில் படுக்கிறவன் மேலே இருக்கிறான் என்று தெரியாதா?

தெரியும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோபத்தின் கதையையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் நித்திரை இல்லை. மகள் அபிராவின் கலியாணத்துக்கு எல்லா வீட்டுக்கும் நானும் சுலோவும் நேரே போய்ச் சொன்னோம். பாரிசில் இருக்கும் சுலோவின் ஒன்றுவிட்ட மாமாவுக்குச் சொல்ல ஆறு மணித்தியாலம் கார் ஓடினேன். அண்ணருக்கு மட்டும், ஒரே வீடுதானே, கலியாணம் அவருக்குத் தெரியாததா என்று, வேலைக்குப் போகும் அவசரத்தில் கார்டைக் கீழே தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனேன். பதினாலு படி. அதற்கு அவர் கலியாணத்துக்கு வரவில்லை. பெண்ணின் பெரியப்பா இல்லாத மணவறையைப் பார்த்துச் சனம் என்னிடம் கேட்ட கேள்விகள் எனக்குத்தான் தெரியும். ஒரு கார்டுக்காக.

நவம்பர் 9, சனி

8.10, 8.40, 9.15, 10.05, 10.20, 11.30, 12.10, 1.00.

கிழமைக்குக் கிழமை கூடுகிறது. சுலோவிடம், “கெல்லரிலை மச்சாளைக் கண்டால் கேள், அந்த அறைக்குள்ளை என்ன செய்யினம் எண்டு” என்றேன். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “நீங்களே போய்க் கேளுங்கோவன்” என்றாள்.

கஞ்சிக்குத்தான் அரிசி கழுவினாள். எங்கள் வீட்டில் கஞ்சி குடிக்க ஆள் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

துண்டு எழுதினேன். பிரதியை இங்கே எழுதி வைக்கிறேன், ஆதாரத்துக்கு.

‘காலை 7.30 தொடக்கம் பகல் 2.00 வரை உங்கள் சிறிய அறை ஹீற்றரின் குமிழைத் திருகுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். இரவு வேலை செய்பவரின் நித்திரை குழம்புகிறது. இப்படிக்கு, மேல்மாடி.’

தபால்பெட்டிக்குள் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

சத்தம் இல்லை. ஒரு தட்டுக்கூட இல்லை. ஆறு மணித்தியாலம் ஒரே நித்திரை. எழும்பிச் சுலோவுக்கு நானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். “எழுத வேண்டியதை எழுதினால் கேட்பினம்” என்றேன். அவள் கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

வேலையால் வரும்போது வாசலில் ஒரு வான் நின்றது. அண்ணரை மச்சாளும் டிரைவரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். தலையில் கம்பளித் தொப்பி, காது வரை இழுத்து விட்டிருந்தார். அவர் தொப்பி போடுகிற ஆளில்லை, தலைமயிரில் அவருக்கு அவ்வளவு பெருமை. என்னைக் கண்டார். நான் வீட்டுத் திறப்பைத் தேடுகிற மாதிரிப் பொக்கற்றுக்குள் கை விட்டுக்கொண்டு நின்றேன்.

குளிருக்குத் தொப்பி நல்லதுதான்.

நவம்பர் 21, வியாழன்

சத்தம் இல்லை. நித்திரையும் இல்லை. 8.10க்குக் கண் தானாகத் திறக்கிறது. அகப்பையைக் குழாயில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் ஓடுகிற இரைச்சல் மட்டும்.

கீழே சின்ன அறையின் யன்னல் அகலத் திறந்து கிடக்கிறது. வெளியே ஒரு பாகைக் குளிர். பிறகு பூட்டிக் கிடக்கிறது. பிறகு திறக்கிறது. இப்படிச் சூட்டை வெளியே விடுகிற ஆள் அண்ணர் இல்லை.

நவம்பர் 23, சனி

கெல்லரில் உடுப்புக் காயப்போடும் கொடியில் அவர்கள் பக்கத்தில் ஐந்து கட்டில் விரிப்பு. நேற்றும் ஐந்து இருந்தது. மேலே வந்து சுலோவின் முன்னால் நின்றேன். அவளே சொல்லிவிட்டாள்.

“கீழை அத்தானுக்குக் கணையத்திலை கான்சர். ஜூலையிலை கண்டுபிடிச்சது. இனி ஆஸ்பத்திரியிலை செய்ய ஒண்டுமில்லை எண்டிட்டினம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். நோயைக் காட்டி அவனைக் கூப்பிடக்கூடாது, வாறதெண்டால் தானா வரட்டும் எண்டவர்.”

பிறகு ஹீற்றரைப் பற்றிச் சொன்னாள். அவருக்கு ஒரு நேரம் உடம்பெல்லாம் நடுங்குமாம், அரை மணித்தியாலத்தில் வேர்த்துக் கொட்டுமாம். நடுங்கும்போது மச்சாள் குமிழைக் கூட்டுவா, வேர்க்கும்போது குறைப்பா. அதுதான் என் நாலாவது சத்தம். என் துண்டு போன அன்று மச்சாள் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாவாம்.

“அத்தான் என்ன சொன்னவர் தெரியுமோ? அவன் இரவெல்லாம் நிண்டு வேலை செய்துபோட்டு வாறவன், படுக்கட்டும், இனிக் குமிழிலை கை வைக்காதை எண்டவர். பத்து நாளா மச்சாள் யன்னலைத் திறந்து பூட்டிக்கொண்டு நிக்கிறா. நடுங்கினால் நாலு போர்வை. வேர்த்தால் யன்னல்.”

நான் ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டது அந்த நாலு போர்வையில்தான். இதற்கு மேல் எழுத முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மேல் அருவருப்பாகவும் இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் அலுமாரியைக் கிளறினேன். அபிராவின் கலியாணக் கார்டு மூன்று மிஞ்சிக் கிடந்தது. ஒன்றை எடுத்து நாலு மூலைக்கும் மஞ்சள் பூசச் சொன்னேன். சுலோ என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு மஞ்சள் குழைத்தாள். நான் வேட்டி கட்டினேன், அவள் சேலை உடுத்தாள். பதினாலு படி இறங்கினோம். மணியை அழுத்த நான் எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. சுலோதான் அழுத்தினாள்.

மச்சாள் கதவைத் திறந்து எங்கள் உடுப்பைப் பார்த்தா, கையிலிருந்த கார்டைப் பார்த்தா. வாயைப் பொத்திக்கொண்டு வழி விட்டா.

அண்ணர் சின்ன அறைக் கட்டிலில் இருந்தார். நான் போன வருடம் தூரத்தில் கண்ட அண்ணரின் பாதிதான் இருந்தது. கண் மட்டும் அதே கண்.

நான் இரண்டு கையாலும் கார்டை நீட்டினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். “அண்ணை, எங்கட அபிராவுக்குக் கலியாணம் வச்சிருக்கிறம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். அதுதான் நேரை சொல்லுவம் எண்டு வந்தனாங்கள்.”

அவர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது தபால்ல வரேல்லைப் போல.”

“இல்லை அண்ணை.”

“எப்ப கலியாணம்?”

நான் சுலோவைப் பார்த்தேன். சுலோ சொன்னாள். “ஆனி பதினாலு, அத்தான்.”

“ஞாயிறோ?”

“ஓம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே நாள் பார்க்கிற மாதிரி. “அண்டைக்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கேல்லை” என்றார். “வாறம். கட்டாயம் வாறம்.”

மச்சாள் அழுதபடி சொன்னா. “அண்டைக்கு விடியவே வேட்டி கட்டிக்கொண்டு இருந்தவர், தம்பி. படியிலை காலடி கேக்கேக்கை எல்லாம் எழும்பி நிப்பார். உங்கட காலடி தனக்குத் தெரியும், இப்ப வந்து கூப்பிடுவான் எண்டு. பன்ரண்டு மணி மட்டும் இருந்திட்டுத்தான் வேட்டியை மாத்தினவர்.”

அன்று காலை நான் அந்தப் படியில் எத்தனை தரம் ஏறி இறங்கினேன். மாலைப் பெட்டி, பலகாரத் தட்டு, மாப்பிள்ளையின் சால்வை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனேன். வருகிறவர் தானாக வருவார் என்று நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் நடுங்கத் தொடங்கினார். மச்சாள் போர்வையை எடுத்தா. நான் எழும்பி, குமிழைப் பிடித்து ஐந்துக்குத் திருகினேன். மேலே என் கட்டில் தலைமாட்டில் குழாய் தட்டுவது இங்கே கேட்டது. அண்ணர் கூரையைப் பார்த்தார்.

“இதோடா உன்னை எழுப்பினது?”

“ஓம் அண்ணை.”

“சரியான சத்தம்தான்” என்றார். “நான் எண்டாலும் துண்டு எழுதியிருப்பன்.”

நவம்பர் 26, செவ்வாய்

தொழிற்சாலையில் மூன்று கிழமை லீவு கேட்டேன். மேலதிகாரி யாருக்கு என்று கேட்டான். அண்ணருக்கு என்றேன். ‘ஒரே வீடு என்று சொல்வாயே, அவரா?’ என்றான். வேலையிடத்தில் நான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

குமிழ் இப்போது என் வேலை. நடுக்கம் என்றால் ஐந்து, வேர்வை என்றால் ஒன்று. மச்சாள் நாலு மாதத்துக்குப் பிறகு பகலில் படுத்தெழும்பினா. அபிராவையும் பேரனையும் கூப்பிட்டிருக்கிறேன். பேரன் அவர் தொப்பியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான். அண்ணர் அவனை விட்டுவிட்டார்.

பொயிலர்த் தாளைப் பற்றிக் கேட்டார். ஒக்டோபரில் முள் சிவப்பில் நின்றது, தண்ணீர் விட்டேன் என்றேன். “எழுதினியோ?” என்றார். இல்லை என்றேன். “எழுதாமல் விட்டால் எப்பிடி?” என்று கோபித்தார். கெல்லருக்குப் போய் என் கோணல் எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

டிசெம்பர் 4, புதன்

இன்று குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. நடுக்கம் நின்றுவிட்டது. வந்து பார்த்த தாதி, இது நல்ல அறிகுறி இல்லை என்றாள்.

டிசெம்பர் 8, ஞாயிறு

கஞ்சித் தண்ணி மூன்று கரண்டி. அதில் ஒன்று எனக்காகக் குடித்தார்.

டிசெம்பர் 11, புதன்

பகல் ஒன்று இருபது. நான் பக்கத்தில் இருந்தேன். கை என் கைக்குள் இருந்தது. மச்சாள் எழும்பிப் போய்க் குமிழை ஆகக் குறைந்த, பனிப்பூப் போட்ட அடையாளத்துக்குத் திருப்பிவிட்டா. மேலே ஒருமுறை தட்டி நின்றது.

டிசெம்பர் 17, செவ்வாய்

பெட்டியில் அவருடன் அந்தக் கார்டை வைத்தோம். மச்சாள்தான் கேட்டா.

ஜனவரி 2, வியாழன்

பொயிலர் அமுக்கம் பார்த்து எழுதினேன். அவர் எழுத்துக்குக் கீழே என் எழுத்து அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

இன்று முப்பத்தொன்றாம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கீழே மச்சாள் தனியே. மகன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான், இப்போதைக்குப் போகமாட்டாவாம். எங்களோடு மேலே வந்திருக்கச் சொன்னோம். அதற்கும் இல்லை.

நீட்டி எடுத்த லீவும் முடிந்தது, நாளை இரவு வேலைக்குத் திரும்புகிறேன்.

ஜனவரி 13, திங்கள்

மறந்தே போனேன், இன்று ஹீற்றர் திருத்துகிறவர் வந்துவிட்டார். இந்த டயறியைக் கேட்டார். தமிழில் இருக்கிறது என்றேன், நல்லவேளை. கீழே கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறையில் குமிழை மெல்லக் குறைத்தார், தட்டியது. உடனே விளங்கிவிட்டது அவருக்கு. ஓகஸ்டில் பூட்டினவன் போகும் குழாயையும் வரும் குழாயையும் மாறிக் கொடுத்துவிட்டானாம். தண்ணீர் பின்பக்கமாக வந்து வால்வின் தட்டில் மோதுகிறதாம். மாற்றிப் பூட்டினால் சரி, அரை மணித்தியால வேலை. குனிந்து கருவிப்பெட்டியைத் திறந்தார்.

மச்சாள் வாசலில் நின்றா. “தம்பி, அதை விடச் சொல்லுங்கோ.”

“ஏன் மச்சாள்? உங்களுக்குத்தானே இனி...”

“தட்டட்டும்” என்றா. “காலமை எழும்பினவுடனை நான் ஒருக்காத் திருகிறன். மேலை கேக்கும். நான் இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

திருத்துகிறவருக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது என்று சொன்னேன். இப்படி ஒரு வீட்டைத் தான் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டு பெட்டியைப் பூட்டினார்.

ஜனவரி 14, செவ்வாய்

வேலையால் வந்து ஏழரைக்குப் படுத்தேன். நித்திரை வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

8.10க்குத் தட்டியது. பிறகு நித்திரை கொண்டேன்.